ஆல்டர்னேட்டருக்கு அழுத காசு

ராத்திரி பெருந்துறை தாண்டியதும் கார் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. ஹெட்லைட் மங்கி, விஜயமங்கலம் வருவதற்குள் வண்டி நின்றேவிட்டது. முதலில் பார்த்தவர் பேட்டரிதான் போச்சு என்றார். 5,200 ரூபாய். இரண்டே நாளில் புதுசும் இறங்கிவிட்டது.

அப்புறம்தான் வேறோர் இடத்தில் மீட்டரை வைத்துப் பார்த்தார்கள். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் பக்கம் காட்ட வேண்டியது, 12-ஐக்கூடத் தொடவில்லை. "ஆல்டர்னேட்டர் போயிருச்சுங்க, செட்டாத்தான் மாத்தோணும். 16,800 ஆகுமுங்க." வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது அதுதானாம். அந்த 'ங்க'வில் இருந்த மரியாதை பில்லில் இல்லை.

ஆல்டர்னேட்டருக்குள்ளே பெரும்பாலும் தேய்வது விரல் நுனி அளவுள்ள கார்பன் பிரஷ். அதை மட்டும் மாற்றக் கூடாதா என்றால், தனியாக ஸ்பேர் வராதாம். ஏனுங்க, பம்பும் மோட்டாரும் செய்தே பேர் வாங்கிய ஊர் கோயம்புத்தூர். தோட்டத்து மோட்டாரில் கம்பிச்சுருள் எரிந்தால் கழற்றி, கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். காருக்கு மட்டும் என்ன ராஜ வைத்தியம்?

சரி, மாற்றிவிட்டேன். வேறு வழி? பழையதைக் கேட்டால், எக்ஸ்சேஞ்சில் போய்விட்டதாம், அதற்குத் தள்ளுபடி 300 ரூபாய். அதிலிருக்கிற செம்புக் கம்பியை எடைக்குப் போட்டிருந்தாலே கூடக் கிடைத்திருக்கும் என்று மாமனார் இன்னும் முனகிக்கொண்டிருக்கிறார்.