முதல் மூச்சுக்கு முன்பே

பிரசவ அறையில் செவிலியராகப் பல ஆண்டுகள் பணி செய்தவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். மனித உடல் படைக்கப்பட்டது என்று நான் நம்புகிறேன். ஆலயத்தில் கற்ற அந்த நம்பிக்கை, பிறந்த குழந்தை முதன்முதலாக வீறிட்டு அழுவதை ஒவ்வொரு முறை பார்த்தபோதும் எனக்குள் இன்னும் ஆழமாக வேர்விட்டது.

கருப்பையில் குழந்தையின் நுரையீரல் நீரால் நிறைந்திருக்கிறது. அதற்கு வேண்டிய ஆக்சிஜன் நச்சுக்கொடி வழியாகத் தாயின் இரத்தத்திலிருந்து வருகிறது. ஆகவே இதயத்தின் இரு மேலறைகளுக்கு நடுவே ஃபொராமென் ஓவேல் என்னும் திறப்பும், நுரையீரல் தமனியைப் பெருந்தமனியோடு சேர்க்கும் டக்டஸ் ஆர்ட்டீரியோசஸ் என்னும் குழாயும் அமைந்து, இரத்தத்தின் பெரும்பகுதி நுரையீரலுக்குச் செல்லாமல் குறுக்கே கடக்க வழிவிடுகின்றன. குழந்தை மூச்சை உள்ளிழுத்ததும் நுரையீரலின் இரத்தக்குழாய்கள் தளர்கின்றன. அங்கிருந்து திரும்பும் இரத்தம் இடது மேலறையின் அழுத்தத்தை உயர்த்த, அந்த அழுத்தமே ஒரு மெல்லிய மடலைத் தள்ளித் திறப்பை மூடுகிறது. குழாயின் தசைச் செல்களோ, ஆக்சிஜன் கூடியதை உணர்ந்து சுருங்கத் தொடங்கி, நிறைமாதக் குழந்தைகளில் பெரும்பாலும் 3 நாட்களுக்குள் வழியை அடைத்துவிடுகின்றன.

என்னை இன்றும் நிறுத்தி யோசிக்க வைப்பது, காற்றையே அறியாத செல்கள் காற்றுக்காகச் செய்யும் ஆயத்தம். நுரையீரலின் சிற்றறைகளில் ஒருவகைச் செல்கள், பிறப்புக்குப் பல வாரங்களுக்கு முன்பே சர்ஃபாக்டன்ட் என்னும் வழுவழுப்பான பொருளைச் சேர்த்து வைக்கத் தொடங்குகின்றன. அது இல்லையென்றால் ஒவ்வொரு மூச்சுக்குப் பிறகும் சிற்றறைகள் ஒட்டிச் சுருங்கிவிடும். குறைமாதக் குழந்தைகள் மூச்சுக்குத் திணறுவதற்கு இந்தப் பற்றாக்குறையே காரணம் என்று 1959ல் மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் காட்டினார்கள். சிவப்பணுக்களிலும் இதே முன்னேற்பாடுதான்: கருவின் ஹீமோகுளோபின் தாயினுடையதைவிட ஆக்சிஜனை இறுகப் பற்றும், பிறந்த பின் சில மாதங்களில் அது மெல்ல விலகி, பெரியவர்களுக்குரிய ஹீமோகுளோபின் அதன் இடத்துக்கு வருகிறது.

இவை இயற்கைத் தேர்வின் வழியே படிப்படியாக உருவானவை என்பதே உயிரியலாளர்களில் மிகப் பெரும்பாலோரின் விளக்கம். அவர்கள் கண்டறிந்தவற்றைப் படித்துத்தான் நான் இந்தத் தொழிலைக் கற்றேன். அவர்களைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆயினும், வரப்போகும் ஒன்றுக்காகப் பல வாரங்களுக்கு முன்பே நடக்கும் ஆயத்தத்தில் நான் ஒரு நோக்கத்தைக் காண்கிறேன், அந்த நோக்கத்துக்குப் பின்னால் கர்ப்பத்தில் நம்மை உருவாக்கினவரைக் காண்கிறேன். இதை ஆய்வகத்தில் நிறுவலாம் என்று நான் சொல்லவில்லை. லேமினின் என்னும் புரதம் சிலுவை வடிவில் இருக்கிறது, அதுவே சாட்சி என்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பும் சகோதரர்களிடமும் இதையேதான் சொல்வேன்: வடிவத்தைக் காட்டி வியப்பதைவிட, அந்தப் புரதம் செல்களை அவற்றின் அடித்தளத்தோடு பிணைத்து வைக்கும் வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள்.

படைப்பென்றால் குறை ஏன் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பெரியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இதய மேலறைகளுக்கு நடுவிலான அந்தத் திறப்பு முழுமையாக மூடுவதில்லை, ஆனால் பெரும்பாலோருக்கு அதனால் தொந்தரவு வருவதில்லை. சில இதயக் குறைபாடுகளோடு பிறக்கும் குழந்தைகளுக்கு, டக்டஸ் மூடினால் உயிருக்கே ஆபத்து என்பதால், மருத்துவர்கள் புரோஸ்டாகிளாண்டின் என்னும் மருந்தைச் செலுத்தி அதைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். உலகம் படைக்கப்பட்ட நன்னிலையில் இன்று இல்லை என்பது என் விசுவாசம். ஆனால் குழந்தையை இழந்த எந்தத் தாயிடமும் அதை நான் பதிலாகச் சொன்னதில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

பிழைத்து வளர்ந்த நம் நெஞ்சுக்குள் அந்தக் குழாய் இன்று ஒரு சிறிய நாராக இருக்கிறது. மேலறைச் சுவரில், திறப்பு இருந்த இடத்தில், ஒரு மெல்லிய குழிவு இருக்கிறது.