கேஸ் கிரில் வாங்கப் போகும்போது ஒரு காந்தம் எடுத்துப் போங்கள்

மே மாதம் வந்துவிட்டால் இங்கே நியூ ஜெர்சியில் பெரிய கடைகளின் வாசலில் எல்லாம் கேஸ் கிரில்களை, அதாவது வீட்டு வெளியில் வைத்துக் கோழி, இறைச்சி சுடும் எரிவாயு அடுப்புகளை, வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள். நம்மவர்களின் வாட்ஸப் குழுக்களிலும் அதே பேச்சுதான். "ஐந்து பர்னர், பக்கத்தில் தனி அடுப்பு, 400 டாலர்தான், வாங்கலாமா?" என் பதில்: வேண்டாம். அதே காசுக்குக் கனமான இரண்டு பர்னர் கிரில் கிடைக்கும். கொஞ்சம் கூடப் போட்டால் மூன்று பர்னர். அதை வாங்குங்கள்.

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) எண்ணைப் பார்த்துத்தான் பலர் மயங்குகிறார்கள். பர்னர்களை முழுதாகத் திறந்துவைத்தால் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வெப்பத்துக்கான எரிவாயு எரியும் என்பதற்கான அளவு அது. கோழிக்கு எவ்வளவு சூடு போய்ச் சேரும் என்பதை அது சொல்லாது. தகடு மெல்லியதாக, மூடி சரியாகப் பொருந்தாமல் இருந்தால் பாதிச் சூடு இடுக்கு வழியாக வெளியே போய்விடும். உதாரணத்துக்கு, 500 டாலர் அளவில் விற்றுவந்த, வெபர் நிறுவனத்தின் ஸ்பிரிட் 2 ஈ-310 மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பர்னர், மொத்தம் 30,000 பி.டி.யு. அவ்வளவுதான். ஆனால் அடிப்பெட்டி வார்ப்பு அலுமினியம், கம்பித்தட்டு எனாமல் பூசிய வார்ப்பிரும்பு. சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிலிண்டர் கணக்கும் இருக்கிறது. கிரில் சிலிண்டரில் வரும் எரிவாயுவான புரொப்பேன் 20 பவுண்ட் இருந்தால் அதில் சுமார் 4,30,000 பி.டி.யு. உண்டு. 30,000-க்கு முழுத் தீயில் 14 மணி நேரம் வரும். 60,000 எரிக்கும் கிரில்லுக்கு 7 மணி நேரம்தான். மாற்றிக் கொடுக்கும் சிலிண்டர்களில் பெரும்பாலும் 15 பவுண்ட்தான் நிரப்புகிறார்கள், அது இன்னும் சீக்கிரம் காலியாகும்.

அடுத்தது துரு. மலிவான கிரில்கள் சாவது இதனால்தான். வெளி மூடி பளபளவென்று எவர்சில்வர் மாதிரி இருக்கும். மழையும் பனியும் பார்த்த இரண்டு மூன்று வருடத்தில் அடிப்பெட்டியில் ஓட்டை விழும், பர்னர் குழாய் உளுத்துப் போகும். அதனால்தான் காந்தம் கேட்கிறேன். 304 என்ற எவர்சில்வர் ரகத்தில் நிக்கல் இருக்கிறது, காந்தம் ஒட்டாது. 430 ரகத்தில் நிக்கல் கிடையாது, காந்தம் பிடித்துக்கொள்ளும், துருவும் சீக்கிரம் ஏறும். ஒட்டவில்லை என்றால் உடனே 304 என்று நம்பிவிடவும் கூடாது, ஏனென்றால் 201 என்ற மலிவு ரகமும் பெரும்பாலும் ஒட்டாது. மூடியை விடுங்கள், பர்னர் என்ன ரகம் என்று கேளுங்கள். நம் சமையலுக்கு இது இன்னும் முக்கியம். உப்பு, எலுமிச்சை, தயிர் எல்லாம் போட்டு ஊறவைத்த கோழியிலிருந்து சொட்டுவது உப்பும் புளிப்பும். இரும்புக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. சமைத்து முடித்ததும் பத்து நிமிடம் எரியவிட்டு, தட்டைச் சுரண்டி, ஆறியபின் உறை போட்டு மூடுங்கள்.

அப்புறம் உதிரி பாகம். எந்தக் கிரில்லிலும் பர்னரும் அதன் மேல் கூரைபோல் நிற்கும் தகடும் தேயத்தான் செய்யும். ஏழு வருடம் கழித்து அவை கிடைக்குமா என்பதுதான் கேள்வி. கடைகள் தங்கள் பெயரில் விற்கும் மாடல்கள் அடிக்கடி மாறிவிடுகின்றன, பாகம் தேடி அலைய வேண்டும். மாடல் எண்ணை இணையத்தில் போட்டு, பர்னர் தனியாக விற்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

நல்ல கிரில்லைக் கெட்டுப்போனதாக நினைத்துத் தெருவில் வைப்பவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. தீ திடீரென்று சிறுத்துவிட்டால் பெரும்பாலும் ரெகுலேட்டரின் பாதுகாப்பு அமைப்பு வேலை செய்திருக்கும். பர்னர் திறந்திருக்கும்போது சிலிண்டரைத் திறந்தாலோ, வேகமாகத் திருகினாலோ, கசிவு என்று எண்ணி அது வாயுவைக் குறைத்துவிடும். எல்லாவற்றையும் மூடி, சிலிண்டரைக் கழற்றி, சில நிமிடம் விட்டு மறுபடி மாட்டி, மெதுவாகத் திறங்கள். தீ மஞ்சளாக எரிந்தால் பர்னர் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டியிருக்கலாம். குழாயைச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும்.

தனி வீடு இல்லாதவர்கள் வாங்குவதற்கு முன் குடியிருப்பு விதியைப் படியுங்கள். மரப் பால்கனியில் புரொப்பேன் கிரில்லைப் பல இடங்களில் அனுமதிப்பதில்லை. அனுமதி இருந்தாலும் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். சிலிண்டரை வீட்டுக்குள்ளோ கராஜிலோ வைக்கவே வேண்டாம். சீசன் தொடங்கும்போது இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. கம்பி பிரஷ்ஷையும் தூக்கிப் போடுங்கள். அதன் முள் உணவோடு வயிற்றுக்குள் போய்க் காயப்பட்டவர்களைப் பற்றி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே 2012-இல் அறிக்கை வெளியிட்டது. குழந்தைகள் சாப்பிடும் வீட்டில் அது எதற்கு? தட்டு சூடாக இருக்கும்போதே மரச் சுரண்டியால் தேய்த்தால் போதும்.