தபால் பைகளையும் சொல்லுங்கள்
பிரிட்டிஷ் கப்பல் நிறுவனமான குனார்டின் வரலாறு பற்றிய உங்கள் கட்டுரையைச் சொகுசுக் கப்பல்களை வைத்தே எழுதியிருக்கிறீர்கள். அந்த நிறுவனத்தை வாழவைத்தவை தபால் பைகள்தான்! 1839-இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகர வணிகர் சாமுவேல் குனார்ட் பெற்ற பிரிட்டிஷ் அரசின் தபால் ஒப்பந்தம் இல்லையென்றால், அட்லாண்டிக்கில் நீராவிக் கப்பல்களைத் தேதி தவறாமல் ஓட்டியிருக்கவே முடியாது. 1840 ஜூலை 4 அன்று அவரது ‘பிரிட்டானியா’ கப்பல் லிவர்பூலிலிருந்து புறப்பட்டது. துடுப்புச் சக்கரம் பூட்டிய மரக்கப்பல். பயணிகளுக்குப் பால் கறக்க ஒரு பசுவும் உண்டு. 1844 பிப்ரவரியில் பாஸ்டன் துறைமுகம் உறைந்துபோனபோது, நகரத்தார் தங்கள் செலவிலேயே பனிக்கட்டியை அறுத்து, ஏறத்தாழ 7 மைலுக்கு வழி திறந்து ‘பிரிட்டானியா’வை அனுப்பிவைத்தார்கள். தபால் கப்பல் நியூயார்க் பக்கம் போய்விடுமோ என்ற கவலை அவர்களுக்கு! வேகத்தில் குனார்டையே முந்திய அமெரிக்காவின் காலின்ஸ் நிறுவனமோ ‘ஆர்க்டிக்’, ‘பசிபிக்’ கப்பல்களை இழந்து, அரசு மானியமும் குறைந்து, 1858-இல் மூடப்பட்டது. இதையும் கட்டுரையில் சேர்த்துவிடுங்கள்.