எட்டாவது கையெழுத்து

எங்கள் ஃப்ளாட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள். தென்சென்னையில் மூன்று கிரவுண்டு, பன்னிரண்டு வீடு, முப்பது வயது தாண்டிய கட்டடம். நாலு மாதமாக ஞாயிறுதோறும் மொட்டை மாடியில் கூட்டம். யு.டி.எஸ். (ஒவ்வொரு வீட்டுக்கும் மனையில் உள்ள பிரிக்கப்படாத பங்கு) எவ்வளவு, கூடுதலாக எத்தனை சதுர அடி, கட்டி முடியும் வரை வாடகை யார் தருவது, எல்லாம் பேசியாயிற்று. போன வாரம் நான், “இடிச்ச கட்டடம் எங்கே போகும்?” என்று கேட்டேன். “அதெல்லாம் இடிக்கிறவங்க பாத்துப்பாங்க மேடம்” என்றார் பில்டரின் ஆள். பேச்சு கார் பார்க்கிங்குக்குப் போய்விட்டது.

இடிக்கிறவர்கள் எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்பதை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். தேக்குக் கதவு, ஜன்னல், கிரில் எல்லாம் முதல் வாரமே பழைய சாமான் கடைக்குப் போய்விடும். கான்கிரீட்டை உடைத்துக் கம்பியை உருவி, நிமிர்த்தி, எடைக்குப் போடுவார்கள். வெயிலில் அந்த வேலை செய்கிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. விலை கிடைக்கும் எதையும் அவர்கள் வீணாக்குவதில்லை. விலை இல்லாத மிச்சம்தான் பிரச்சினை. காரை, உடைந்த டைல்ஸ், கான்கிரீட் கட்டி எல்லாம் ராத்திரி லாரி ஏறி ஏதோ ஒரு ஏரிக்கரையில் விழும். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரங்களையும் இப்படித்தான் கொட்டி மேடாக்கினார்கள். மழை வெள்ளம் போய்த் தங்க வேண்டிய பள்ளத்தில் யாரோ குடியிருந்த வீட்டின் சுவர் கிடக்கிறது. அப்புறம் டிசம்பரில் தெருவில் தண்ணீர் நிற்கிறதே என்று நாமே புலம்புகிறோம்.

வேறு வழி இருக்கிறது. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டட இடிபாடுகளை அரைத்துப் பிரிக்கும் ஆலைகள் உள்ளன. பழைய கான்கிரீட்டை உடைத்த ஜல்லியை எம்25 என்ற வலிமைத் தரம் வரையிலான கம்பி கான்கிரீட்டில் 20 சதவீதம் வரை சேர்க்கலாம் என்று ஜல்லி, மணலுக்கான 2016ஆம் ஆண்டின் இந்தியத் தரவிதியே (ஐ.எஸ். 383) சொல்கிறது. அந்த அளவுக்கு மலையை உடைக்க வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை இந்த ஊர் அதற்குள் மறந்துவிட்டது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். எங்கள் மனையில் மட்டும் சராசரி வருடத்தில் 9 லட்சம் லிட்டர் மழை விழுகிறது. 2003லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது, எங்களிடமும் தொட்டி இருக்கிறது. போன வருடம் மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே சேறு. மாடிக் குழாய் தொட்டிப் பக்கமே வராமல் நேராகத் தெருக் கால்வாய்க்குப் போயிருந்தது. இத்தனை வருடமாக ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை, நானும்தான்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது கட்டட விதிகளின் கணக்கு. அதில் 45 லிட்டர் கழிப்பறை ஃப்ளஷ்ஷுக்கு. புதிதாக வரப்போவது பதினெட்டு வீடு. வீட்டுக்கு நாலு பேர் என்றால் தினமும் 3,240 லிட்டர் நல்ல தண்ணீர் அப்படியே போகும். 12,000 லிட்டர் லாரி நாலு நாளைக்குக்கூடக் காணாது. குளித்த தண்ணீரைத் தனிக் குழாயில் இறக்கி, வடிகட்டி, ஃப்ளஷ்ஷுக்கென்று தனி டேங்கில் ஏற்றினால் இது மிஞ்சும். ஆனால் அந்தக் குழாயைக் கட்டும்போதே போட்டுவிட வேண்டும். குடிவந்த பிறகு என்றால் பாத்ரூம் சுவரை உடைக்க வேண்டும், அதற்கு எந்த வீட்டிலும் சம்மதிக்க மாட்டார்கள்.

அதனால் ஒப்பந்தத்தில் இரண்டு ஷரத்து கேட்கிறேன். இடிபாடு ஆலைக்குப் போனதற்கான எடைச்சீட்டை அசோசியேஷனிடம் தர வேண்டும். குளியல் தண்ணீருக்குத் தனிக் குழாய் பிளானிலேயே இருக்க வேண்டும். சதுர அடிக்குச் சில ரூபாய் கூடலாம். மாடுலர் கிச்சனுக்கு இதைவிட எத்தனையோ மடங்கு கொடுக்கத் தயாராக இருக்கிறோம்.

2022இல் வந்த அடுக்குமாடி உடைமைச் சட்டப்படி இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதித்தால் போதும். எங்கள் கணக்கில் எட்டு வீடு. இதுவரை ஏழு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு இரண்டு ஷரத்தையும் டைப் செய்து எடுத்துக்கொண்டு போகிறேன். அவற்றைச் சேர்த்தால் எட்டாவது கையெழுத்து என்னுடையது.