ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

(மேற்கு மாம்பலம். ஞாயிறு காலை எட்டு மணி. மேசை முழுக்கக் கிழித்த நாள்காட்டித் தாள்கள். அவற்றின் பின்பக்கம் முழுக்க எண்கள். வரதன் தலை நிமிரவில்லை. கோமதி கையில் காய்கறிப் பை.)

கோமதி: ஸ்டேஷன் ரோட்டில் கீரை தீர்ந்துவிடும். எழுந்திருங்கள்.

வரதன்: இதோ. ஒன்றை 67 தடவை இரட்டித்து, கடைசியில் ஒன்றைக் கழிக்க வேண்டும். 21 இலக்க எண்.

கோமதி: யார் கேட்டார்கள்?

வரதன்: 1644இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி, இது பகா எண் என்று எழுதி வைத்துவிட்டார்.

கோமதி: துறவிக்கு நேரம் இருக்கும். சம்சாரிக்கு ஏது?

வரதன்: அவர் எழுதியது தவறு. இது பகு எண்தான் என்று 1876இல் லூக்காஸ் என்ற கணித அறிஞர் நிரூபித்தார்.

கோமதி: எதால் வகுபடுமாம்?

வரதன்: அதைச் சொல்லவில்லை. ஒவ்வோர் எண்ணாக வகுத்துப் பார்க்காமலே கண்டுபிடிக்கிற சோதனை ஒன்று அவரிடம் இருந்தது. வகுபடும் என்பது உறுதி. எதால் என்பது தெரியாது.

கோமதி: போன வாரம் வந்த குழாய்க்காரர் மாதிரி. "கசிவு இருக்கிறது அம்மா, எங்கே என்றுதான் பிடிபடவில்லை" என்று சொல்லி ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றுகிறோம், தொட்டி இன்னும் ஒழுகுகிறது.

வரதன்: இது 27 வருடம் ஒழுகியது. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் கணிதச் சங்கக் கூட்டம். ஃபிராங்க் நெல்சன் கோல் எழுந்து கரும்பலகைக்குப் போனார். ஒரு பக்கம் இந்த எண்ணைக் கணக்கிட்டார். மறுபக்கம் 193707721ஐ 761838257287ஆல் பெருக்கினார். இரண்டும் ஒரே விடை! ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்தாராம். சபையே கைதட்டியதாம்.

கோமதி: கூட்டத்தில் பேசாமல் உட்கார்ந்த ஆண்பிள்ளையா? தட்டத்தான் வேண்டும். நம் குடியிருப்போர் சங்கத்துக்கு அப்படி ஒருவர் கிடைத்தால் தேவலை. ஆமாம், இவ்வளவு பெரிய சொத்துக்கு இரண்டே பங்காளிகளா?

வரதன்: இரண்டே பேர். இரண்டுமே பகா எண்கள், அதற்குமேல் பாகம் பிரிக்க முடியாது. சின்னவரே பத்தொன்பது கோடிக்கு மேல். இதைத் தேடிப்பிடிக்க எத்தனை காலம் ஆயிற்று என்று கேட்டார்களாம். "மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள்" என்றாராம்.

கோமதி: அந்த வீட்டில் காய்கறி வாங்கியது யார்?

வரதன்: அது சரித்திரத்தில் இல்லை.

கோமதி: இருக்காதே. சரி, ஏன் முழிக்கிறீர்கள்?

வரதன்: பெருக்கலில் 147573952589676412927 வருகிறது. இரட்டித்த பக்கம் வேறு ஏதோ வந்து நிற்கிறது. எது தவறு என்று தெரியவில்லை.

(கோமதி பையைக் கீழே வைத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொள்கிறாள். முப்பது வருடம் ஜவுளிக்கடையில் பேரேடு எழுதியவள்.)

கோமதி: கோல் எழுதிய முதல் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 37. மூன்றும் ஏழும் பத்து. பத்தைக் கூட்டினால் ஒன்று. அடுத்தது 64. ஆறும் நான்கும் பத்து, அதுவும் ஒன்று. ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்றுதானே வரவேண்டும்? உங்கள் பெருக்கல் விடையைக் கூட்டினால் 109. அதைக் கூட்டினால் பத்து, பிறகு ஒன்று. பொருந்துகிறது. இரட்டித்த பக்கம் ஆறில் வந்து நிற்கிறது. கோளாறு அங்கேதான்.

வரதன்: அரை நிமிடத்தில் சொல்லிவிட்டாயே! 67 வரி இருக்கிறது. எந்த வரியில்?

கோமதி: அது எனக்கு எப்படித் தெரியும்? தவறு இருக்கிறது, அவ்வளவுதான்.

வரதன்: (எழுந்து நின்று) கோமதி, நீதான் லூக்காஸ்!

கோமதி: ஐந்நூறு ரூபாயை எடுங்கள்.