4எச்-இல் வளைத்தால் சத்தம்: டிஃபரன்ஷியல் போச்சா?

"தார், ஜிம்னி ஜீப்புகள் 4எச்-இல் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) திரும்பும்போது கடகடவென்று இழுத்தால் டிஃபரன்ஷியல் (சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கர அமைப்பு) காலி, உடனே மாற்று" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

இவற்றில் முன், பின் சக்கரங்களுக்கு நடுவே சென்டர் டிஃபரன்ஷியல் கிடையாது. 4எச்-இல் முன், பின் ஷாஃப்ட் (விசையைக் கடத்தும் தண்டு) ஒரே வேகத்தில் சுழலும். வளைவில் முன்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். சேற்றில் டயர் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்காது. ஷாஃப்ட் முறுக்கேறி, டயர் துள்ளி விடுபடும். அந்தச் சத்தம்தான் இது. ஆனாலும் தொடர்ந்து ஓட்டினால் பாகங்கள் தேயும்.

2எச் (பின்சக்கரம் மட்டும் தள்ளும் நிலை) போட்டு அதே வளைவை எடுங்கள். லீவர் 2எச்-இல் விழவில்லையா, நேராகக் கொஞ்சம் ரிவர்ஸ் போங்கள். சத்தம் நின்றால் செலவே இல்லை.

இளகிய மண்ணில் 4எச்-இல் ஒடித்துத் திருப்பும்போதும் டிக் டிக் என்றால் சிவி ஜாயின்ட்டை (திரும்பும் முன்சக்கரத்துக்கு விசை கடத்தும் மூட்டு) சந்தேகப்படலாம். தாரில் அதை மூடும் ரப்பர் பூட் கிழிந்து சக்கரத்தின் உட்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கிறதா பாருங்கள்.