டார்ச் அடித்துப் பார்த்த தட்டு

போன மாதம் கோலாலம்பூரிலிருந்து ஒரு நண்பர் சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தார். என்னைப் போலவே ஜாஸ் இசைத்தட்டு சேர்க்கிறவர். வந்ததும் அலமாரி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு தட்டை உருவினார். கைப்பேசி டார்ச்சை அடித்து, பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வரை வழவழவென்று ஒரு வளையம் இருக்குமே, அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "காது இல்லையே" என்றார். உள்ளே வைத்தார். அடுத்ததை உருவினார். இப்படியே இருபது தட்டு. தேத்தண்ணி ஆறிப் போனது. ஒன்றைக்கூடப் போடச் சொல்லவில்லை. கிளம்பும்போது, "எல்லாம் மறுபதிப்புதான் போல" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

காது என்றால் என்ன என்று கேட்பீர்கள். 1939இல் தொடங்கிய புளூ நோட் நிறுவனத்தின் பழைய தட்டுகளை பிளாஸ்டிலைட் என்ற ஆலை அச்சடித்தது. அது அந்த வளையத்தில் ஆங்கில 'P' எழுத்தைச் சுழித்து ஒரு சின்ன அடையாளம் போடும். பார்க்கக் காது மாதிரியே இருக்கும். இருந்தால் 1960களின் நடுவில் நிறுவனம் கைமாறுவதற்கு முந்தைய அச்சு என்று அர்த்தம். விலை எங்கேயோ போய்விடும். கூடவே ரூடி வான் கெல்டரின் முத்திரையையும் தேடுவார்கள். பகலில் கண் பரிசோதிக்கிற வேலை பார்த்துக்கொண்டே, நியூ ஜெர்சியில் அப்பா அம்மா வீட்டு வரவேற்பறையில் மைக் வைத்து, உலகம் இன்றும் கேட்கிற பதிவுகளைச் செய்த மனிதர். அவர்மேல் எனக்கும் பக்தி உண்டு. அதற்காகக் காது இருக்கிற தட்டுதான் குலத்தில் பிறந்தது, மற்றதெல்லாம் தத்துப்பிள்ளை என்கிற பேச்சை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

டிரம்பெட் வாசிக்கிற மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' தட்டையே எடுத்துக்கொள்வோம். 1959 மார்ச் 2ஆம் தேதி பதிவு நடந்தபோது டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதைச் சரியான வேகத்தில் ஓட்டித் தட்டு வெட்டியதால், முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் லேசாக வேகம் கூடி, சுருதி ஏறி வந்துவிட்டன. நம் கோயில் நாதஸ்வரக்காரர் யாராவது கூடச் சேர்ந்து வாசித்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே முகம் சுளித்திருப்பார். பக்கத்தில் ஓடிய இரண்டாவது இயந்திரத்து டேப்பில் வேகம் சரியாக இருந்தது. அதை எடுத்துத் திருத்தியது 1992 மறுபதிப்பில். ஆக, மைல்ஸ் வாசித்த சுருதி வேண்டுமென்றால் மறுபதிப்புத்தான் வாங்க வேண்டும். ஒரிஜினல் வைத்திருப்பவரிடம் இதைச் சொன்னால் கோபம் வருகிறது. நான் என்ன செய்ய?

எல்லா மறுபதிப்பும் நல்லது என்று சொல்ல வரவில்லை. நானே ஏமாந்திருக்கிறேன். ஐரோப்பாவில் 1963க்கு முன் வெளியான பதிவுகளுக்கு உரிமைக் காலம் முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் எதிலிருந்தாவது எடுத்து அச்சடிக்கலாம். அப்படி ஒன்றை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினேன். நடுத்துளை சரியான நடுவில் இல்லை. பியானோ கள் குடித்தவன் மாதிரி தள்ளாடியது. விலை கூடினால் மட்டும் உத்தரவாதமா? மொபைல் ஃபிடெலிட்டி என்ற பேர்போன அமெரிக்க நிறுவனம், தன் மறுபதிப்புகள் பலவற்றில் டேப்புக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு டிஜிட்டல் நகல் இருந்ததை 2022இல் ஒப்புக்கொண்டது. அதுவரை அந்தத் தட்டுகளைக் கேட்டு, "டிஜிட்டலில் இந்த உயிர் வருமா?" என்று சிலிர்த்தவர்கள் எத்தனையோ பேர். இதில் எனக்குக் கோபத்தைவிடச் சிரிப்புத்தான் அதிகம். 2019இல் புளூ நோட் தொடங்கிய டோன் பொயட் வரிசை மாதிரி, எந்த டேப், யார் வெட்டினார் என்று வெளிப்படையாகச் சொல்கிறவர்களை நம்பி வாங்குகிறேன். சொல்லாதவர்களிடம் வாங்குவதில்லை. அவ்வளவுதான் என் கணக்கு.

அப்புறம் நம் ஊர் வெயிலும் மழையும். அறுபது வருடத் தட்டை இந்த ஈரத்தில் வைத்துக் காப்பாற்றுவது பச்சைப் பிள்ளையை வளர்க்கிற மாதிரி. ஈப்போ ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பத்து வெள்ளிக்கு வாங்கி வருகிற தட்டில் தேமல் மாதிரி பூஞ்சை படர்ந்திருக்கும். லேபிள் நனையாமல் ஒரு டப்பா மூடியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, பள்ளத்தின் போக்கிலேயே மெல்லிய பிரஷால் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். அலசி, பாத்திரம் கவிழ்க்கிற ஸ்டாண்டில் நிழலில் காய வைப்பேன். "இந்தத் தட்டைக் கழுவுகிற அக்கறையில் பாதி சோற்றுத் தட்டில் இருந்தால் போதும்" என்பது என் மனைவியின் நிரந்தரக் கருத்து. இன்னொன்று, அரக்கில் செய்த, நிமிடத்துக்கு 78 சுற்று ஓடுகிற பழைய தட்டுகளை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். அப்பா வைத்திருந்த ஒன்றை அப்படி நாசம் செய்தவன் சொல்கிறேன்.

தட்டு சுழற்றும் பெட்டியின் ரப்பர் பெல்ட் போன வருடம் இளகிப் பிசுபிசுத்துப் போனது. கித்தா என்கிற ரப்பர் மரத்துக்கு நடுவில் பிறந்தவன், ஒரு ரப்பர் வளையம் வெளிநாட்டிலிருந்து வர மூன்று வாரம் காத்துக் கிடந்தேன். கித்தாவும் இப்போது ஏது, சுற்றிலும் செம்பனைதான். எங்கள் ஊர்ப் பெயர் உலகப் பத்திரிகைகளில் அடிபட்டது 1948 ஜூனில், தோட்டத்துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டு மலாயாவில் அவசரகாலம் வந்தபோது. அதே ஜூனில்தான் நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடுகிற எல்.பி. தட்டை அறிமுகப்படுத்தியது. இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் என் மனதில் இரண்டும் ஒட்டிக்கொண்டுவிட்டன.

"வெள்ளைக்காரன் பாட்டு எதற்கு அண்ணே?" என்று கேட்கிற தம்பிகளுக்கு நான் போடுவது ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா'. 1971இல் வந்தது. என்னிடம் இருப்பது மறுபதிப்புத்தான். வாசிப்பவர் டெட்ராய்டில் பிறந்த கறுப்பினப் பெண். கணவர் ஜான் கோல்ட்ரேன் 1967இல் இறந்துவிட்டார், நான்கு சின்னப் பிள்ளைகள். அந்தத் துக்கத்தில் அவர் போய்ச் சேர்ந்த இடம் சுவாமி சச்சிதானந்தா. கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்துத் தமிழர். அவருடைய குரு சிவானந்தர், பத்தமடையில் பிறந்தவர். சன்னியாசம் வாங்குவதற்கு முன்னால் இதே மலாயாவில் பத்து வருடம் டாக்டர். சிரம்பான் பக்கம் ஒரு ரப்பர் தோட்ட மருத்துவமனையில் நம் ஆட்களின் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவர். அந்தத் தோட்டத்து டாக்டரின் சீடர் பெயர் அமெரிக்க ஜாஸ் தட்டின் அட்டையில் இருக்கிறது. இந்த விவரம் தெரிந்த அன்றைக்கு நான் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

தட்டு தம்பூராவில் தொடங்கும். அதன்மேல் செசில் மெக்பீயின் பாஸ், ஒரே சின்ன அடியைத் திரும்பத் திரும்பப் போடும். பிறகு ஆலிஸின் ஹார்ப், யாழ் மாதிரியான வாத்தியம், தண்ணீர் கொட்டுகிற மாதிரி இறங்கும். அதற்கும் பிறகுதான் ஃபரோ சாண்டர்ஸின் சாக்ஸபோன் மெல்ல எழும். ஒரு மாலை இது ஓடிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டி வேலியோரம் வந்து நின்றார். முப்பது வருடம் ரப்பர் மரம் சீவியவர்.

"கோயிலில் பஜனையா தம்பி?"

"இல்லை பாட்டி, ரெக்கார்டு. அமெரிக்காவில் ஒரு அம்மா வாசிக்கிறாங்க."

"சுருதிப் பெட்டி கேட்குதே?"

"தம்பூரா பாட்டி."

சாக்ஸபோன் வந்ததும், "இது யாரு, நடுவுல அழுவுறது?" என்று கேட்டுவிட்டுத் துணி எடுக்கப் போய்விட்டார். நான் படித்த எந்த விமர்சனத்தையும்விட எனக்கு இது பிடித்திருக்கிறது. அந்தப் பாட்டி தட்டின் வளையத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் நண்பர் மறுபடி வருகிறாராம். எனக்குக் காட்ட ஒரு காதுத் தட்டு கொண்டுவருகிறாராம். வரட்டும், ஆசையாகக் கேட்பேன். பொறாமையும் படுவேன், அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் கைப்பேசியை மட்டும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வதாக இருக்கிறேன்.